பழைய சேலையைக் கைத்தையல் போர்வையாக்குவது: துணி பார்ப்பது முதல் எல்லை தாண்டி விற்பது வரை

கேரள-தமிழக எல்லையோரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் எந்த வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்தாலும் இரண்டு விதத் துணி இருக்கும். ஒன்று, இப்போது யாரும் கட்டாத, எறியவும் மனம் வராத நூல் சேலைகளும், கேரளப் பெண்கள் இரண்டு துண்டாக உடுத்தும் செட்டு முண்டுகளும். இன்னொன்று, வீட்டுப் பெண்கள் எப்போதோ பழஞ்சேலைகளை அடுக்கி, கையால் இழையோட்டித் தைத்து வைத்த கெட்டிப் போர்வை. முதலாவதைப் போர்வையாக்கவும், இரண்டாவதைச் செப்பனிட்டுக் காப்பாற்றவும், தைத்ததை விற்பதற்கான காகிதங்களைச் சேர்க்கவும் நான் நிறைய அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தையல் இதில் சுலபமான பகுதி. ஊசியை எடுப்பதற்கு முன்னும் தைத்து முடித்த பின்னும்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். கடைத் துணி கெட்டால் இன்னொன்று வாங்கிவிடலாம். அம்மா கட்டிய சேலை கெட்டால் கெட்டதுதான். எனவே முதல் மூன்று படிகள் முடியும்வரை கத்தரியைத் தொடாதீர்கள்.

1. பெட்டியைக் கொட்டிப் பிரியுங்கள்

மூன்று குவியலாகப் பிரித்தால் போதும்.

முதல் குவியல் தைக்கக்கூடியது: நூல் சேலை, செட்டு முண்டு, வேட்டி, தோர்த்து (குளியல் துண்டு), நூல் லுங்கி. பலமுறை துவைத்து மென்மையான துணிதான் இதற்கு வேண்டும். புதுத் துணியில் ஊசி இவ்வளவு எளிதாக இறங்காது.

இரண்டாவது ஒதுக்க வேண்டியது: பாலியெஸ்டர், நைலக்ஸ், ஜார்ஜெட், பட்டு. நூல் துணி துவைத்தால் சுருங்கும், பாலியெஸ்டர் சுருங்காது. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் முதல் துவைப்பிலேயே போர்வை முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிடும். பழம்பட்டு மடிப்பு மடிப்பாக விண்டுபோகும். போர்வைக்கு அது தாங்காது.

மூன்றாவது, ஏற்கெனவே தைத்துக் கிடக்கும் பழைய போர்வைகள். அவற்றை வெட்டவும் வேண்டாம், அவசரப்பட்டுத் துவைக்கவும் வேண்டாம். 7-ஆம், 10-ஆம் படிகள் அவற்றுக்கானவை.

நூலா பாலியெஸ்டரா என்று தெரியாவிட்டால் எரித்துப் பாருங்கள். நீளவாக்கில் ஓடும் பாவிலிருந்து ஓர் இழை, குறுக்கே ஓடும் ஊடையிலிருந்து ஓர் இழை என்று தனித்தனியாக உருவ வேண்டும். பாவு நூலாகவும் ஊடை பாலியெஸ்டராகவும் இருக்கும் சேலைகள் உண்டு. எவர்சில்வர் தட்டின் மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். நூல் இழை காகிதம் போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கடினமான மணியாக நிற்கும். பட்டில் முடி கருகிய வாடை வரும். சாம்பலும் மணியும் சேர்ந்து வந்தால் கலப்புத் துணி, ஒதுக்கிவிடுங்கள்.

ஜரிகைக் கரையைப் போர்வையில் சேர்க்காதீர்கள். ஊசி மாட்டும், தூங்குபவரின் தோலைக் கீறும். ஆனால் வெட்டி எடுத்த ஜரிகையைத் தெருவில் வருபவரிடம் உடனே கொடுத்துவிடவும் வேண்டாம். அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. பழைய ஜரிகை வாங்கும் கடையில் சோதித்துப் பார்த்து விலை கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

2. துணிக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்

நான்கு சோதனைகள். நான்கிலும் தேறிய பகுதியை மட்டும் மேல் அடுக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடியுங்கள். இழை தேய்ந்த இடம் வலை போலத் தெரியும். சேலையில் இது பெரும்பாலும் இடுப்பில் சொருகும் பகுதியிலும், தரையில் உராயும் கீழ்க் கரையிலும் இருக்கும். மேல் கரையும் முந்திப் பக்கமும் நன்றாகவே இருக்கும்.

இரண்டு கட்டைவிரலையும் நெருக்கமாக வைத்து, முதலில் நீளவாக்கில், பிறகு அகலவாக்கில் மெதுவாக இழுங்கள். சரசரவென்று சத்தம் வந்தாலோ இழை விலகினாலோ அந்தத் துண்டு உள் அடுக்குக்கு.

மடித்து, மடிப்பின் மேல் நகத்தை ஓட்டிப் பிரியுங்கள். மடிப்பில் வெடிப்பு தெரிந்தால் அந்தத் துணி போர்வைக்கு உதவாது.

நான்காவது சாயச் சோதனை. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு மூலையை நனைத்து, இரண்டு வெள்ளைத் துணிகளுக்கு நடுவே வைத்து, மேலே அம்மிக்குழவியையோ கனமான பாத்திரத்தையோ பத்து நிமிடம் வையுங்கள். சாதா தண்ணீரில் ஒரு முறை, சோப்புத் தண்ணீரில் ஒரு முறை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்: உடல் பச்சை அசையாமல் இருக்கும், கரைச் சிவப்பு வழிந்து ஓடும். சுங்குடியிலும் அடர்சிவப்பு, கருநீலச் சேலைகளிலும் கூடுதல் கவனம் வேண்டும். உப்பு போட்டால் நிற்கும், வினிகர் ஊற்றினால் நிற்கும் என்று சொல்வார்கள். ஒருமுறை கழலத் தொடங்கிய சாயத்தை அவை கட்டிப்போடாது. சாயம் விடும் சேலையைச் செட்டு முண்டோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். அதே குடும்ப நிறச் சேலைகளோடு சேர்த்துத் தனிப் போர்வையாகத் தைக்கலாம்.

3. துவைப்பதற்கு மாதம் பாருங்கள்

இந்தப் பக்கத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த நாட்களில் கெட்டித் துணி சரியாகக் காயாது. உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சைப் புள்ளி விழுந்தால் எடுக்க முடியாது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பாலக்காட்டுக் கணவாயில் வறண்ட கிழக்குக் காற்று வீசும்போது நிழலில் போட்டாலே காய்ந்துவிடும். ஓணத்துக்கு விற்க நினைத்தால் மே மாதத்துக்குள் துவைத்து முடித்துவிடுங்கள். மழைக்காலம் தைப்பதற்கு நல்ல காலம், துவைப்பதற்கு அல்ல.

முதல் நாள் இரவு சாதா தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் தண்ணீரை மாற்றுங்கள். சாயம் விடும் சேலையை இப்படி ஊறப்போட வேண்டாம், தனியாக அலசி உடனே எடுத்துவிடுங்கள். செட்டு முண்டிலும் வேட்டியிலும் இருக்கும் கஞ்சி முழுவதும் போக வேண்டும். தண்ணீர் வழவழப்பாக இருக்கும்வரை கஞ்சி போகவில்லை என்று அர்த்தம். கஞ்சி மிச்சமிருந்தால் அதைத் தின்னக் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் வரும், துணியையும் சேர்த்தே தின்னும். பிறகு மென்மையான சோப்பு, அல்லது பூந்திக்கொட்டைத் தண்ணீர். பிளீச்சிங் வேண்டாம், கல்லில் அடிக்க வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம். ஒரு பெரிய துண்டில் சுருட்டி அமுக்கினால் தண்ணீர் இறங்கிவிடும். வெள்ளையை வெயிலில் போடலாம். நிறத் துணி நிழலில்தான்.

4. அளவு, நூல், நேரம், பணம்

சேலை பொதுவாக 5.5 மீட்டர் நீளம், 1.15 மீட்டர் அகலம். இதை வைத்தே எல்லாக் கணக்கும் போட்டுவிடலாம்.

ஒரே சேலையை நீளவாக்கில் ஐந்தாக மடித்தால் 1.10 க்கு 1.15 மீட்டரில் ஐந்து அடுக்கு கிடைக்கும். குழந்தைக்கு அடியில் விரிக்கச் சரியான அளவு. முதல் முறை தைப்பவர்கள் இதிலிருந்தே தொடங்குங்கள். 2 செ.மீ. இடைவெளியில் வரிசை ஓட்டினால் சுமார் 75 மீட்டர் நூல், ஏழெட்டு மணி நேர வேலை. கைக்குழந்தைக்கு இதை விரிப்பாக மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள், மேலே போர்த்த வேண்டாம்.

இரட்டைக் கட்டிலுக்கு இரண்டு சேலை போதும். ஒவ்வொன்றையும் பாதியாக மடித்து, இரண்டையும் பக்கவாட்டில் இணைத்தால் 2.75 க்கு 2.30 மீட்டரில் இரண்டு அடுக்கு. விளிம்பு மடிப்பும் சுருக்கமும் போக 2.65 க்கு 2.20 நிற்கும். எங்கள் பக்கத்து மார்கழிக்கு இது போதும். வால்பாறை, மூணாறு பக்கம் அனுப்புவதாக இருந்தால் நான்கு சேலை, நான்கு அடுக்கு.

வரிசைகளின் இடைவெளிதான் நேரத்தையும் செலவையும் தீர்மானிக்கிறது. இரண்டடுக்கு இரட்டைப் போர்வையில் 2.5 செ.மீ. இடைவெளி என்றால் 92 வரிசை, 253 மீட்டர் தையல்; நூல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடிக்கும், எனவே சுமார் 300 மீட்டர். கை பழகியவர் ஒரு மீட்டர் ஓட்ட ஐந்து நிமிடம் என்று வைத்தால் 21 மணி நேரம். தைக்கும் முன் அடுக்குகளைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்க நூலோட்டுவதும், விளிம்பு கட்டுவதும் இன்னொரு ஏழு மணி. தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் முடியும். அதே போர்வையை 1 செ.மீ. இடைவெளியில் தைத்தால் 230 வரிசை, நூல் 760 மீட்டர், வேலை 60 மணி. பார்க்க மிக அழகாக இருக்கும், ஆனால் விலை இரண்டு மடங்குக்கு மேல் வைக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். புதுக் கைக்கு நேரத்தில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நூல் பருத்தியாகத்தான் இருக்க வேண்டும். தையல் கடையில் கேட்டால் பெரும்பாலும் பாலியெஸ்டர் கோன்தான் எடுத்து வைப்பார்கள். அது பழந்துணியைவிட வலுவானது, இழுபடும்போது நூல் அறாமல் துணி அறுந்துபோகும். 'காட்டன் நூல்' என்று கேட்டு, அதிலும் ஓர் இழையை எரித்துப் பார்த்து வாங்குங்கள். ஆங்கர் போன்ற எம்பிராய்டரி நூல்கண்டு ஒன்று 8 மீட்டர், ஆறு புரி. இரண்டு புரியாகப் பிரித்தால் 24 மீட்டர் வரும். மேலே சொன்ன 300 மீட்டருக்கு 13 கண்டு. நூல், ஊசி, விளிம்புத் துணி எல்லாம் சேர்ந்தாலும் பொருள் செலவு சில நூறு ரூபாய்தான். மீதியெல்லாம் உங்கள் நேரம்.

அந்த நேரத்துக்கு விலை போடக் கூச்சப்படாதீர்கள். 28 மணி என்றால் மூன்றரை நாள் வேலை. உங்கள் பஞ்சாயத்தில் அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் ஒரு நாளுக்கு என்ன கூலி தருகிறார்களோ அதை மூன்றரையால் பெருக்கி, பொருள் செலவைக் கூட்டுங்கள். அது அடிமட்ட விலை. அதற்குக் கீழே இறங்கினால் உங்களுக்கு மட்டுமல்ல, அடுத்த வீட்டில் தைக்கும் அக்காவுக்கும் நஷ்டம்.

5. அடுக்கி நூலோட்டுங்கள்

தரையைத் துடைத்து, அடி அடுக்கை விரித்து, நான்கு மூலையிலும் கனம் வையுங்கள். தேய்ந்த துண்டுகளையெல்லாம் நடு அடுக்கில் பரப்பலாம். ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் புடைப்பு விழாமல் பார்த்துக்கொண்டால் சரி. மேல் அடுக்கை விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கையால் நீவுங்கள். நூலோட்டமும் நடுவிலிருந்து வெளியே: முதலில் ஒரு கூட்டல் குறி, பிறகு 12 முதல் 15 செ.மீ.க்கு ஒரு வரிசை. வெள்ளை நூலே போதும். நிற நூலில் ஓட்டினால் பிரித்த பிறகும் சில சமயம் கறை நிற்கும். இந்த வேலையைக் குறைத்தவர்களின் போர்வைதான் கடைசியில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணும்.

6. தையல்

ஊசியில் எண் கூடக்கூட மெல்லிசு. இரண்டடுக்குக்கு 7-ஆம் எண் எம்பிராய்டரி ஊசி, நான்கடுக்குக்கு 5 அல்லது 6. நடுவிரலுக்கு உலோகத் தொப்பி கட்டாயம், இல்லாவிட்டால் இரண்டாம் நாளே விரல் புண்ணாகிவிடும். நூலை முழங்கை நீளத்துக்கு மேல் வெட்டாதீர்கள்; நீள நூல் சிக்கும், துணிக்குள் போய் வந்து போய் வந்து நைந்தும் போகும்.

முடிச்சை அடுக்குகளுக்கு நடுவே மறையுங்கள். 3 முதல் 4 மில்லிமீட்டர் தையல், ஊசியில் நாலைந்து தையலை ஏற்றிக்கொண்டு ஒரே இழுப்பு. வரிசை முடிந்ததும் துணியை இரண்டு கையாலும் லேசாக இழுத்து, நூல் இளகிய பிறகு முடிச்சுப் போடுங்கள். இறுக்கித் தைத்தால் துணி சுருங்கும், துவைத்ததும் இன்னும் சுருங்கும்.

எந்த நூலில் தைப்பது, எந்தப் பக்கம் தொடங்குவது என்பதெல்லாம் ஊருக்கு ஊர் வேறு. வங்காளத்துக் காந்தா போர்வையில் பழஞ்சேலையின் கரையிலிருந்து உருவிய நிற இழையையே தையல் நூலாக எடுப்பார்கள். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்னும் தங்கள் ஒட்டுப் போர்வையை ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நான்கு மூலையிலும் துணியை மடித்து ஒரு பூ வைக்காமல் போர்வையை முழுமையானதாகக் கருதமாட்டார்கள். ஒட்டுத் துண்டுகள் அதிகம் இருந்தால் சித்திப் பெண்களின் முறை மிக வசதி: விளிம்பு முதலிலேயே முடிந்துவிடும், துண்டுகளையும் தைக்கத் தைக்கவே சேர்த்துக்கொண்டு போகலாம். முழுச் சேலைகளை அடுக்குவதானால் நேர் வரிசைதான் சுலபம்.

விளிம்புக்கு மேல் கரையைக் கிழித்துப் பட்டியாக மடித்துக் கட்டுங்கள். கரை அடர்த்தியாக நெய்யப்பட்டிருப்பதால் நெடுநாள் உழைக்கும்.

விளிம்பை மட்டும் மிஷினில் அடித்துவிடலாமா என்று கேட்பார்கள். அடிக்கலாம். ஆனால் 'கைத்தையல்' என்று சொல்லி விற்கும் பொருளில் பெரும்பகுதி கையால்தான் செய்ததாக இருக்க வேண்டும். ஜிஎஸ்டியில் கைவினைப் பொருளுக்கான சலுகையும் அந்த அடிப்படையில்தான்.

7. ஏற்கெனவே இருக்கும் பழைய போர்வையைச் செப்பனிட

முதலில் இருபுறமும் படம் எடுங்கள். பிறகு துவைக்காமல், ஒரு கொசுவலைத் துண்டை மேலே விரித்து, வேக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து வலைக்கு மேலாகத் தூசு எடுங்கள். பாதிப் பழுப்பு இதிலேயே போய்விடும்.

பூச்சி இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் காற்று புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் பெட்டியின் ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த துணியில் நீர் கோத்துக்கொள்ளும். நாப்தலின் உருண்டையைத் துணிமேல் நேராகப் போடாதீர்கள்.

கிழிசலை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்துண்டு வைப்பதுதான் நம் ஊர்ப் பழக்கம். பழைய போர்வைக்கு அது வேண்டாம். கிழிசலுக்கு அடியில், அதே அளவு தேய்ந்த, சாயம் விடாத துணியைச் செருகி, கிழிந்த விளிம்பை அதன்மேல் படியவைத்து, நீள இழையை மேலே கிடத்தி, அதைச் சிறு தையலால் அங்கங்கே பிடித்து நிறுத்துங்கள். விளிம்புக்கு வெளியே ஒரு விரல் அகலம் நல்ல துணியிலும் தையல் போக வேண்டும். துணி ஒரேயடியாகத் தூளாகிப்போன இடத்தில் அதே நிற மெல்லிய வலைத்துணியை மேலே போர்த்தி ஓரம் தைத்தால், அடியில் இருப்பது தெரியவும் செய்யும், உதிராமலும் இருக்கும். பழைய தையலைப் பிரிக்காதீர்கள். அந்த வரிசைகள்தான் அதைத் தைத்தவரின் கை.

8. பிறர் துணியை வாங்கினால் சீட்டு எழுதுங்கள்

'அம்மா போய்விட்டார்கள், அவர்கள் சேலையில் ஒரு போர்வை தைத்துக் கொடுங்கள்' என்று வருபவர்கள் நிறைய. இந்த வேலையிலேயே மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான், தகராறும் இதில்தான் அதிகம் வரும். வாய்வார்த்தையில் வாங்காதீர்கள். ஒரு வெள்ளைத்தாள் போதும், அதில் இவை இருக்க வேண்டும்:

- எத்தனை துணி, ஒவ்வொன்றின் நிறமும் இப்போதைய நிலையும். கூடவே கைப்பேசியில் எடுத்த படம்.
- வெட்டுவதற்குச் சம்மதம். அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோருக்கும் தெரியுமா என்று கேட்டு அதையும் எழுதுங்கள். பாதி தைத்த பிறகு இன்னொரு மகள் வந்து அழுதால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.
- முந்தி, கரை, மிச்சத் துண்டு யாருக்கு. திருப்பிக் கொடுப்பதே நல்லது.
- சாயச் சோதனையின் முடிவு. சாயம் விடும் என்று தெரிந்தும் சேர்க்கச் சொன்னால் அதற்குத் தனிக் கையெழுத்து.
- வரிசை இடைவெளி, முடியும் தேதி, விலை, பாதி முன்பணம்.

இருவரும் கையெழுத்திட்டு, படம் எடுத்து ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

9. விற்பதற்கான காகிதங்கள்

வரிசை முக்கியம். முதலில் ஆதார், பான், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எல்லையோரத் தமிழருக்கு இது பெரிய தலைவலி. ஆதாரில் பெயருக்கு முன்னால் இனிஷியல், பானில் அப்பா பெயர் விரித்து, ரேஷன் அட்டையில் மலையாளத்தில் வீட்டுப்பெயரோடு என்று மூன்று விதமாக இருக்கும். இணைய விண்ணப்பம் இந்த இடத்தில்தான் நின்றுபோகும். திருத்தம் செய்ய வாரக்கணக்கில் ஆகலாம், அதனால் தையல் தொடங்கும்போதே இதையும் தொடங்கிவிடுங்கள். ஆதாரோடு இணைத்த கைப்பேசி எண் இப்போதும் கையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்து உத்யம் பதிவு. மத்திய அரசின் சிறுதொழில் பதிவு இது, 2020 ஜூலை முதல் இருக்கிறது. கட்டணம் கிடையாது, புதுப்பிக்கவும் வேண்டாம், ஆதாரும் பானும் இருந்தால் அரை மணி வேலை. தேடும்போது அரசு முத்திரை போலவே ஒன்றைப் போட்டுக்கொண்டு பணம் கேட்கும் தளங்கள் முதலில் வரும். பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

மூன்றாவது, கைவினைஞர் அடையாள அட்டை. பெஹசான் அட்டை என்பார்கள். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினை மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் தருவது, இதுவும் இலவசம். ஆதார், புகைப்படம், வங்கி விவரம் கேட்பார்கள். கைவேலையைச் செய்து காட்டவும் சொல்வார்கள். முடிந்த போர்வை ஒன்றும் பாதி தைத்தது ஒன்றும் கொண்டுபோங்கள். பாதி தைத்ததில் ஊசியோடு உட்கார்ந்தால் வேறு விளக்கம் தேவைப்படாது. அரசு கைவினைக் கண்காட்சிகளில் இடம் கேட்க இந்த அட்டைதான் அடிப்படை. அட்டை கைக்கு வர நாளாகும், கண்காட்சி அறிவிப்பு வந்த பிறகு விண்ணப்பித்துப் பயனில்லை.

கேரளப் பக்கம் இருப்பவர்கள், தொழில் அனுமதிக்கான மாநில அரசின் இணையத் தளமான கே-ஸ்விஃப்ட்டில் சுயசான்று கொடுத்து ஏற்புச் சான்று வாங்கிக்கொள்ளலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை வைத்து மூன்று ஆண்டுகள் தொழில் நடத்த முடியும், மற்ற உரிமங்களை அதற்குப் பிறகு எடுத்தால் போதும். குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் (மகளிர் சுயஉதவிக் குழு) இருந்தால் ஓணச் சந்தையில் இடம் கிடைப்பது இன்னும் சுலபம். பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம் இருப்பவர்கள் கோவை மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

விண்ணப்பம் மலையாளத்தில்தான் எழுத வேண்டும் என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மையினரான தமிழரும் கன்னடரும் அரசோடு தங்கள் மொழியிலேயே எழுத்துப் போக்குவரத்து வைத்துக்கொள்ள இடம் தருகிறது. பணிவாக அதைச் சொல்லித் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், நகலில் ரசீது முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

10. எல்லை தாண்டும்போது

நமக்கு எல்லையிலிருக்கும் கோபாலபுரம் தாண்டுவது கடைக்குப் போவது மாதிரி. வரிச் சட்டத்துக்கு அது வேறு மாநிலம்.

சொந்த மாநிலத்துக்குள் விற்பவருக்கு, கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வேறு மாநிலத்துக்கு விற்றால் பொதுவாகப் பதிவு கட்டாயம். கைவினைப் பொருளுக்கு மட்டும் 2018-இல் தந்த விலக்கின்படி, ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை பதிவில்லாமலே வேறு மாநிலத்துக்கு விற்கலாம். அதற்கு இரண்டு நிபந்தனை: பான் இருக்க வேண்டும், இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான இணையச் சீட்டு) போட வேண்டும். சாதாரணச் சரக்குக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால்தான் இ-வே பில். இந்த விலக்கில் போகும் கைவினைப் பொருளுக்கு மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டும். இரண்டு போர்வையைப் பையில் போட்டுப் பேருந்தில் விற்கக் கொண்டுபோனாலும் இதே விதிதான். விலக்கு, அறிவிப்பிலுள்ள பட்டியலில் இருக்கும் பொருளுக்குத்தான், அதனால் உங்கள் போர்வை எந்தத் தலைப்பில் வரும் என்று கணக்காளரிடம் ஒருமுறை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வரிச் சோதனைச்சாவடிகளை எடுத்துவிட்டார்கள். 'இப்போ யாரும் பார்க்கிறதில்லை' என்று சொல்பவரை நம்பாதீர்கள். வாகனத்தில் வரும் பறக்கும் படை எந்த வளைவிலும் நிறுத்தலாம்.

இணையச் சந்தைத் தளங்களுக்குத் தனி விதி. ஜிஎஸ்டி பதிவில்லாதவரும் 2023 அக்டோபர் 1 முதல் அவற்றில் விற்கலாம், ஆனால் தன் மாநிலத்துக்குள் மட்டும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு அனுப்பலாம், பக்கத்திலிருக்கும் பொள்ளாச்சிக்கு அனுப்ப முடியாது. தளத்தில் பெயர் பதியும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குப் பாட்டியின் போர்வையை அனுப்ப நினைப்பவர்கள் போர்வையின் வயதைப் பார்க்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத கைவேலைப் பொருளும் தொல்பொருள்தான். அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது, உள்நாட்டில் வியாபாரமாக விற்கவும் உரிமம் வேண்டும். நூறாகவில்லை, ஆனால் பார்க்கப் பழையது என்றால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். விமான நிலையத்தில் நின்றுகொண்டு நிரூபிக்க முடியாது. அதேபோல, எழுபது வருடப் போர்வையை 'நூறு வருடப் பழசு' என்று கூட்டிச் சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். வாங்குபவரை ஏமாற்றுவதோடு சட்டச் சிக்கலையும் தானே வரவழைத்துக்கொள்ளும் வேலை அது.

11. கொடுக்கும்போது

இரண்டடுக்கு இரட்டைப் போர்வை ஒரு கிலோ அளவில் நிற்கும், நான்கடுக்கு இரண்டு கிலோ. அஞ்சலில் எடை கூடக்கூடக் கட்டணம் ஏறும், எடை போட்டுப் பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள். பிளாஸ்டிக்கில் நேராகச் சுற்றாமல், துவைத்த வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி அதன்மேல் பிளாஸ்டிக் போடுங்கள்.

கூடவே ஒரு சிறு சீட்டு, தமிழிலும் மலையாளத்திலும்: குளிர்ந்த தண்ணீரில் தனியாகத் துவைக்கவும், வாஷிங் மெஷினில் போட வேண்டாம், நிழலில், கொடியில் தொங்கவிடாமல் கட்டில் மேல் விரித்துக் காயவைக்கவும், பெட்டியில் வைக்கும்போது மடிப்பதைவிடச் சுருட்டி வைப்பது நல்லது, மடித்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றவும், மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் காற்றாட விரிக்கவும். தையல் விட்டால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதையும் அதிலேயே எழுதி, தைத்த நூலில் ஒரு முழம் சீட்டோடு சுற்றிக் கொடுத்துவிடுங்கள்.